ஊசி பன்றிக்கு, கக்கூஸ் நமக்கு



வெளிக்காட்டில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்துவிட்டால் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். ‘காத்து கருப்பு பட்டிருக்கும்’ என்று திருநீறு பூசுகிறார்கள். இரும்பு வலிப்பை நிறுத்தாது. ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பக்கத்தில் பாராங் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள்.

வலிப்புக்குக் காரணங்கள் பல. நாடாப்புழுவும் அதில் ஒன்று என்றால் சிலர் சிரிப்பார்கள். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் அந்த வட்டாரத்தில் கணக்கெடுத்து 2006-ல் வெளியிட்டார்கள். வலிப்புக்காரர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவின் கட்டி மூளையில் இருப்பதுதான் சங்கதி. ஸ்கேனில் தெரியும் சிறு கட்டியைக் காசநோய்க் கட்டி என்றே எண்ணி மருந்து கொடுத்து வந்த காலத்தில், பெரும்பாலும் அது புழுக்கட்டி என்று 1989-ல் எடுத்துச் சொன்னவர்களும் அவர்களே.

“நான் பன்றிக்கறியே தொடாதவன், எனக்கு ஏது?” என்பீர்கள். அங்கேதான் ஏமாந்து போகிறோம். கட்டியுள்ள பன்றிக்கறியைச் சரியாக வேகாமல் தின்றவன் குடலில் புழு வளரும். முட்டை அவன் மலத்தில் வெளியேறும். அந்த முட்டை கழுவாத கை வழியாகவோ, கீரை வழியாகவோ, தண்ணீர் வழியாகவோ யார் வயிற்றுக்குப் போனாலும் குஞ்சு ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகலாம். சுத்த சைவக்காரருக்கும் வரும்.

அந்தக் குஞ்சிடம் உள்ள ஒரு புரதத்தைத்தான் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் மார்ஷல் லைட்டவ்லர்ஸ் குழுவினர் ஆராய்ந்து தடுப்பூசியாக்கினார்கள். டிசோல்18 என்று பெயர். ஊசி போட்ட பன்றியின் உடம்பில், குஞ்சு காலூன்றும் முன்னே எதிர்ப்புச் சக்தி அதைக் கொன்றுவிடுகிறது. ஹைதராபாத்தில் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் கம்பெனி இதைத் தயாரிக்கிறது. அருமையான காரியம்தான். ஆனால் ஊசி பன்றிக்கு, மனிதனுக்குக் கிடையாது.

பெக்கான் நானாஸ் பக்கத்துத் தோழர்களே, நம் நாட்டில் இந்த நோய் அரிதுதான். ஆனாலும் இந்தோனேசியா, நேப்பாளம், இந்தியா என்று புழு உள்ள நாடுகளிலிருந்து வந்தவர்கள் இன்று தோட்டங்களில் நம்மோடு வியர்வை சிந்துகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வயிற்றில் புழு இருப்பது அவர்களுக்கே தெரியாது. பகல் முழுக்க அன்னாசிக் காட்டில் நிற்கும் மனிதன் எங்கே போவான்? புதருக்குத்தான். எதில் கை கழுவுவான்? சதுப்பு வாய்க்கால் தண்ணியில். அதே கையால்தான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறான். இது அவன் குற்றமா, கக்கூஸ் கட்டாத நிர்வாகத்தின் குற்றமா?

1990-ம் ஆண்டின் 446-வது சட்டம் தொழிலாளர் குடியிருப்புக்கு வசதி கேட்கிறது. நல்லது. ஆனால் நம் உடம்பு விடிந்ததிலிருந்து கிடப்பது காட்டிலே அல்லவா?

இன்னொன்று. இதைப் படித்துவிட்டுக் கடையில் பூச்சி மாத்திரை வாங்கி அள்ளிப் போட்டுக்கொள்ளாதீர்கள். மூளையில் கட்டி இருந்தால், புழு சாகும்போது வீக்கம் கண்டு வலிப்பு அதிகமாகலாம். ஸ்கேன் பார்த்து டாக்டர்தான் கொடுக்க வேண்டும். வலிப்பு மாத்திரையையும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

அடுத்த முறை நிர்வாகத்தோடு பேசப் போகும் செயலவையினர், சம்பளக் கோரிக்கைக்குக் கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும்: வேலைக்காட்டில் கக்கூஸ், குழாய்த் தண்ணீர், சவர்க்காரம்.