ராத்திரி அருவி

சென்னையில் இருக்கும் என் தங்கை போன மாதம் போனில் பேசும்போது, பிள்ளைகளைத் தீம் பார்க்குக்கு அழைத்துப் போன கதையைச் சொன்னாள். பகலெல்லாம் வெயிலில் வறுபட்டது, சாயங்காலம் விளக்குப் போட்டதும் மறந்தே போயிற்றாம். "ராட்டினம் முழுக்க சீரியல் பல்பு அக்கா! உங்க தென்காசியில என்ன இருக்கு, எட்டு மணிக்கெல்லாம் கதவைச் சாத்திட்டுப் படுத்துடுவீங்க" என்று ஒரு குத்தல் வேறு.

பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் பக்கத்தில் இருந்தாள். டென்மார்க்கில், கோபன்ஹேகன் ஊரில் டிவோலி என்று ஒரு பூங்கா 1843-லேயே திறந்தார்களாம். இருட்டினால் வண்ண விளக்குகளாக ஜொலிக்குமாம். வால்ட் டிஸ்னி அதை நேரில் பார்த்துவிட்டு வந்துதான் 1955-ல் தன்னுடைய டிஸ்னிலேண்டைத் திறந்தாராம். இதையெல்லாம் அவள் ஒப்பிக்க, எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டரில், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்திலிருந்து வெள்ளி உருக்கி ஊற்றுகிற மாதிரி விழுந்துகொண்டிருக்கிறதே, அதற்கு எந்த ராட்டினம் ஈடு?

குற்றாலத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் பகலில் வந்துவிட்டுப் போய்விடுகிறீர்கள். அதனால்தான் இந்த முறை ராத்திரிக் குளியலைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத உட்கார்ந்ததும் எங்கள் மைனி ஞாபகம்தான் முதலில் வந்தது.

மைனி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் பக்கம் நாத்தனாரையும் மைனி என்றுதான் கூப்பிடுவோம். விருதுநகரில் இருக்கிறார்கள். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வந்துவிட்டால், எங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்களும் வந்துவிடுவார்கள். தென்காசியில் வாழ்க்கைப்பட்டவளுக்கு சீசன் என்றால் என்ன என்று கேளுங்கள்: மூன்று வேளை சமையல், காயாத துணி, ஈரத் துண்டு வாடை. ஜாக்கிரதைக்காக ஒருத்தி கூடப் போக வேண்டும் என்று என்னையும் அருவிக்கு அழைத்துப் போவார்கள். போய்? கரையில் நின்று மூட்டையைக் காவல் காப்பேன். யாருடைய வாட்ச், யாருடைய வளையல், யாருடைய பாவாடை என்று மடியில் அடுக்கிக்கொண்டு நிற்பேன். கடைசியில், "சீக்கிரம் ஒரு முழுக்குப் போட்டுட்டு வா, நேரமாச்சு" என்பார்கள். அந்தக் கூட்டத்தில் தலை நனைந்ததும் நனையாததுமாய்த் திரும்பி வருவேன். 22 வருஷம் இப்படித்தான் போயிற்று.

சாரல் திருவிழா நடக்கும் நாட்களில் சாயங்காலம் மேடையில் ஆட்டம் பாட்டு இருக்கும், கொழு கொழு குழந்தைப் போட்டிகூட நடத்துவார்கள். அதற்கும் நான் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனவள்தான்!

போன வருஷம் ஆடியில் மைனி வந்தார்கள். அண்ணாச்சி, அதாவது மைனியின் வீட்டுக்காரர், தவறி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து சீசன் தவறாமல் இரண்டு பேரும் சேர்ந்து வந்தவர்கள். இந்த முறை மகன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். நாலு நாளும் மைனி வாசலைத் தாண்டவில்லை. எல்லோரும் அருவிக்குக் கிளம்பும்போது, "நீங்க போய்ட்டு வாங்க, நான் அம்மாகூட இருக்கேன்" என்று வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவார்கள். என்ன காரணம் என்று எனக்குத் தெரியாதா? அருவியில் தெரிந்த முகம் நாலு இருக்கும். நனைந்த சேலையோடு சிரித்துக்கொண்டு நிற்பதை ஒருத்தி பார்த்தால் போதும், விருதுநகர் வரைக்கும் பேச்சு போய்ச் சேர்ந்துவிடும்.

ஐந்தாம் நாள் புதன்கிழமை. (சனி, ஞாயிறு ராத்திரி பகலைவிட நெரிசல். வார நாள் ராத்திரிதான் நமக்கு ஏற்றது.) மற்றவர்கள் குளித்துச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து மைனியிடம் மெதுவாகச் சொன்னேன்: "நீங்க, நான், உங்க மருமக மூணு பேர் மட்டும். தெரிஞ்சவங்க யாரும் இருக்க மாட்டாங்க. ஆட்டோ சொல்லட்டுமா?"

மைனி பதில் சொல்லவில்லை. திண்ணையில் படுத்திருந்த என் மாமியார்தான், "ஏளா, இந்த நேரத்துல எதுக்கு?" என்றார்கள். அத்தைக்கு 78 வயசு. காது மட்டும் பாம்புக்காது! மைனி எழுந்து உள்ளே போனார்கள். கோபமோ என்று பயந்துவிட்டேன். பார்த்தால், கொடியிலிருந்து ஒரு பழைய சேலையை உருவிக்கொண்டு வந்து நின்றார்கள்.

அன்றைக்குப் பையில் என்னென்ன எடுத்து வைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் உதவும். ஆளுக்கு இரண்டு துண்டு. ஒன்று உடம்புக்கு, ஒன்று தலைக்கு. மாற்றுத் துணியைத் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்துகொள்ளுங்கள். குளிப்பதற்குச் சுடிதார் நல்லது, துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நைட்டி வேண்டவே வேண்டாம், தண்ணீர் வேகத்தில் மேலே ஏறிக்கொள்ளும். சேலைதான் கட்டுவேன் என்பவர்கள் கொசுவத்துக்கும் தோளுக்கும் ஊக்குக் குத்தி, முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொள்ளுங்கள். சங்கிலி, கம்மல் எல்லாம் பீரோவில் இருக்கட்டும். "தாலிச் சரட்டை மட்டும் ரவிக்கைக்கு உள்ளே ஊக்குப் போட்டு…" என்று மகளுக்குப் பாடம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே வந்தவள், மைனி எதிரே நிற்பதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். "சொல்லு, சொல்லு. அவளுக்குத் தெரிய வேண்டாமா" என்றார்கள் மைனி.

எண்ணெய், சோப்பு, ஷாம்பு எடுக்காதீர்கள். அருவியில் அவற்றைப் போட்டுக் குளிக்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவே இருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் சிற்றாறாக ஓடித் தாமிரபரணியில் கலக்கிறது. கீழே அதைக் குடிக்கிற ஊர்கள் இருக்கின்றன.

முக்கியமாக ஒரு பிளாஸ்கில் சுக்குக் காபி. நாலு டம்ளர் தண்ணீரில் எலுமிச்சம்பழ அளவு கருப்பட்டியைத் தட்டிப்போட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டுங்கள். மறுபடி அடுப்பில் வைத்து, சுக்கு, மல்லி, மிளகு வறுத்து இடித்த பொடி இரண்டு டீஸ்பூன் போட்டு நன்றாகக் கொதிக்க விடுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அருவியில் நிற்கக் கூடாது. மைனிக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அதனால் வெறும் வயிறும் ஆகாது. இரண்டு இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவிக் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் கிளம்பினோம்.

மெயின் அருவிக்கு ஆட்டோவில் போய் இறங்கும்போது மணி பத்து இருக்கும். சாரல், மழை என்று சொல்ல முடியாத அளவுக்குப் பூப்போல் விழுந்துகொண்டிருந்தது. கடைகளில் நேந்திரங்காய் சிப்ஸ் வறுக்கிற வாசனை. ரம்பூட்டான், மங்குஸ்தான் கூடைகளுக்கு மேலே குண்டு பல்பு. கோயில் மதிலை ஒட்டித் திரும்பினதும் அந்த இரைச்சல் காதில் விழுந்தது. அப்புறம் அருவி. பகலில் பாறை, மரம், குரங்கு, கூட்டம் என்று கண் நாலா பக்கமும் அலையும். ராத்திரியில் மலை கிடையாது, வானம் கிடையாது. இருட்டுக்கு நடுவே வெள்ளையாய் அருவி ஒன்றுதான். என் மகள் "அத்தை, பாருங்களேன்" என்று மைனி கையைப் பிடித்தவள் பிடித்தபடியே நின்றாள்.

பெண்கள் பக்கத்தில் வரிசை கொஞ்சம்தான். எங்கள் முறை வரப்போகிறது, முன்னால் ஏழெட்டுப் பேர்தான் இருக்கிறார்கள், அப்போது பார்த்து விசில் அடித்தார்கள். எல்லோரையும் வெளியே வரச் சொல்லிவிட்டார்கள். மலைக்கு மேலே மழை, தண்ணீர் கூடுகிறது என்றார் பெண் போலீஸ்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2024 மே 17-ம் தேதியை எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் மறக்கவில்லை. பழைய குற்றாலத்தில், சீசன்கூடத் தொடங்காத நேரத்தில், பகலிலேயே திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோய்விட்டது. மெயின் அருவியில் தண்ணீர் நடுவில் பொங்குமாங்கடல் என்கிற ஆழமான பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்துதான் நம் தலைக்கு வருகிறது. அதனால்தான் நாம் அடியில் நிற்க முடிகிறது. ஆனால் மேலே கொட்டுகிற மழைக்கு அந்தப் பள்ளமும் எத்தனை தாங்கும்? பகல் என்றால் தண்ணீர் செம்மண் நிறமாக மாறுவதும், சருகும் குச்சியும் அடித்து வருவதும் கண்ணில் படும். ராத்திரி விளக்கில் எல்லாத் தண்ணீரும் வெள்ளைதான். மலை மேல் மேகம் கூடுவதும் தெரியாது. ஆகவே சகோதரிகளே, ராத்திரிக் குளியலில் நமக்குக் கண் அந்த விசில்தான். "இன்னும் ஒரு நிமிஷம்" என்று கெஞ்சுகிற பிள்ளையை இரண்டு அடி போட்டாவது இழுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் சட்டைப் பையில், நனையாத பிளாஸ்டிக் காகிதத்தில் போன் நம்பர் எழுதிப் போடுங்கள். தவறிப்போனால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று ஓர் இடத்தையும் காட்டி வையுங்கள்.

படியில் ஒதுங்கி உட்கார்ந்தோம். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. "போயிரலாமா மைனி? இன்னொரு நாள் வரலாம்" என்றேன். பயம் எனக்குத்தான். மைனி அருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "27 வருஷம் வந்திருக்கேன்" என்றார்கள். "உங்க அண்ணாச்சி அந்தப் பக்கம் போய் ஒரு மணி நேரம் நிப்பாக. நான் இந்தப் படியிலதான், துண்டும் வேட்டியும் வச்சுக்கிட்டு. நான் ஆசைதீரக் குளிச்சதே இல்லளா."

நான் என்ன நினைத்திருந்தேன்! அண்ணாச்சியோடு சேர்ந்து குளித்த நினைவு வந்து வாட்டும் என்றுதான் அவர்கள் வரவில்லை என்று, அதையும் ஒரு காரணமாக நானே கற்பனை செய்து வைத்திருந்தேன். இரண்டு பேரும் வேறு வேறு வருஷங்களில் அதே படியில் மூட்டை காத்தவர்கள்தான் போலிருக்கிறது.

பதினொரு மணிக்கு மேல் மறுபடி விட்டார்கள். ஓரமாக மட்டும் நிற்க வேண்டும், நடுவே போகக் கூடாது என்று கண்டிப்பு. மூட்டைக்கு என் மகள் காவல். "நீங்க ரெண்டு பேரும் போங்கம்மா, நான் அப்புறம்" என்று தானாகவே சொன்னாள். மைனி முதலில் கையை மட்டும் நீட்டினார்கள். பிறகு தோள். பிறகு தலையைக் கொடுத்துவிட்டார்கள். அந்த அடியில் வாய்விட்டு என்னவோ கத்தினார்கள். அருவிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை, பக்கத்தில் நின்றவர்களுக்கு எங்கே கேட்கப்போகிறது? சிரித்தார்களா, அழுதார்களா என்றும் தெரியவில்லை. கால் மணி நேரத்துக்கு மேல் நின்றார்கள். யாரும் "நேரமாச்சு" என்று சொல்லவில்லை. நானும் அப்படித்தான் நின்றேன். முதுகில் தட்டித் தட்டி, அன்றைக்கு இடித்த மாவும் அரைத்த மசாலாவும் உடம்பைவிட்டுப் போனது.

நெஞ்சுவலி, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் அருவியில் நிற்க வேண்டும். கைக்குழந்தையை அடியில் பிடிக்கவே பிடிக்காதீர்கள். கரையில் தெறிக்கிற துளி அதற்குப் போதும். இழுப்பு உள்ள குழந்தைக்கு ராத்திரிக் காற்றும் வேண்டாம். வெளியே வந்ததும் காற்று ஈரத் துணியில் பட்டுத்தான் நடுக்கம் எடுக்கும். எனவே முதலில் தலை, அடுத்து ஈரத் துணியை மாற்றுவது, பேச்செல்லாம் அப்புறம். காதில் தண்ணீர் போனால் தலையைச் சாய்த்தாலே வந்துவிடும், ஹேர்பின்னை விட்டுக் குடையாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைவு. பாறையில் ஏதாவது கிழித்திருந்தாலும் தெரியாது. ஆட்டோவில் ஏறியதும் டார்ச் அடித்து மைனியின் உள்ளங்காலைப் பார்த்தேன். கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டார்கள். காயம் ஏதுமில்லை.

வீடு வரும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. சத்தமில்லாமல் ஈரச் சேலைகளைப் பின்கட்டில் காயப்போட்டுவிட்டு, மிச்சமிருந்த சுக்குக் காபியை அடுப்படியில் உட்கார்ந்து பங்கு போட்டுக் குடித்தோம்.

காலையில் அத்தை பின்கட்டுக்குப் போனவர்கள் கொடியில் கிடந்த மகளின் சேலையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, "இன்னைக்கும் போறதா இருந்தா, பிளாஸ்க் பெரிசா எடுத்துக்கோ" என்றார்கள். ராத்திரி ஆட்டோவில் நாலு பேர் ஏறினோம். அத்தையை ஓரத்தில் உட்காரவைத்து, சொம்பில் பிடித்து ஊற்றினது மைனிதான்.