லாச்சி

மேசையிலும் அலமாரியிலும் இழுத்துத் திறக்கும் பெட்டிக்குத் தமிழகத்து நூல்கள் இழுப்பறை என்று பெயர் சூட்டியிருக்க, நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது என்றைக்கும் லாச்சிதான். மலாய்க்காரர் வாயிலும் அச்சொல் உண்டு. தோட்டத்து ஆபீசுகளில் கிராணிமாராய் இருந்த யாழ்ப்பாணத்தார் வாயிலும் உண்டு. இரு சாராருக்கும் அதை விட்டுச் சென்றவர்கள் டச்சுக்காரர்கள். ரந்தாவ் பக்கம் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டில் கட்டிலுக்கடியில் ஒரு தகரப்பெட்டி இருந்ததேயன்றி லாச்சி என்ற வஸ்து இருந்ததில்லை. அது கிராணியார் மேசைக்கு உரியது; செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடு அதற்குள் போய் மூடிக்கொண்டால் அன்றைய பேர் அன்றோடு சரி.

அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளும் உத்தேசமோ என்னவோ, சிரம்பான் வீட்டின் பின்கட்டில் பட்டறை போட்ட நான், உளிகளும் இழைப்புளியும் தரையில் கிடந்து துருவேறுவதைச் சகியாமல், அலமாரி ஒன்று கோத்து அதற்கு நான்கு லாச்சிகள் செய்யத் துணிந்தேன். வாங்கியது ரப்பர்ப் பலகை. இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை வெட்டிப் புகைவீட்டு அடுப்புக்கு அனுப்பிய காலம் ஒன்று உண்டு. வெட்டிய சில நாட்களிலேயே நீலம் பாரித்து, வண்டு துளைத்து, மாவாய் உதிர்ந்துவிடும் மரத்தை வேறென்ன செய்வது! அறுத்த கையோடு போரான் உப்பை ஏற்றிச் சூளையில் உலர்த்தினால் அது நிலைக்கும் என்பதைக் கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தாரின் பிரயாசை மெய்ப்பித்த பிறகுதான், 1980-களில் அது நாற்காலியாகவும் மேசையாகவும் கப்பலேறத் தொடங்கியது. கத்தி பட்டுப் பட்டு வடுவேறிய அடிமரத்தில் நீளப் பலகை அதிகம் தேறாதாகையால், துண்டுகளை விரல் கோத்தாற்போல் இணைத்தே விற்கிறார்கள்.

நான் செய்த பிழை அளவில். ஜனவரி வெயிலில், சட்டத்துக்கும் லாச்சிக்கும் இடையே காகிதம் நுழையாதபடி பொருத்தி, அந்தக் கச்சிதத்தைக் கண்டு நானே பூரித்துப் போனேன். நவம்பர் மழை வந்தது. கீழ் லாச்சி இறுகிப்போய் என் மூலைமட்டத்தை உள்ளே வைத்துக்கொண்டு திறக்க மறுத்தது.

"ஏன்டா, அதுக்கும் பூட்டுப் போட்டுட்டியா?" என்றார் அம்மா.

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய வளர்வதேயில்லை. இழைக்குக் குறுக்கேதான் ஈரத்தைக் குடித்துப் பருக்கும். ஆதலால் லாச்சியின் அகலத்தைவிட உயரமே ஆபத்து. எட்டங்குல உயரமானால் மேலே அரைக்கால் அங்குலமாவது இடம் விட வேண்டும். அடிப்பலகையைப் பசையிட்டு ஒட்டாமல், காடி வெட்டி அதற்குள் சும்மா செருகிவிட வேண்டும். இதையெல்லாம் இழைப்புளியை மறுபடி எடுத்த பிறகே கற்றேன். பக்கத்துக்கு அரை அங்குலம் இடம் கேட்கும் இரும்புத் தண்டவாளத்தை மாட்டினால் இத்தொல்லை பெரிதும் குறையும் என்று நண்பர்கள் உபதேசித்தார்கள். விரலால் தொட்டாலே ஓடுகிற லாச்சி ஆபீசுக்குச் சரி, பட்டறைக்குச் சற்றுக் கனத்து நகர்வதே அழகு என்பது என் பிடிவாதம். மரச்சட்டத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

பதினாறு வயதில் பால்வெட்டப் போன அம்மா பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த மரத்தையாடா நாங்க அடுப்புல வெச்சோம்?" என்றார். மறுநாள் மேல் லாச்சியைத் திறந்தால் என் உளிகளைக் காணோம். அவருடைய வெற்றிலைப் பெட்டியும் பழைய சம்பளச் சீட்டுகளும் அங்கே குடியேறியிருந்தன. உளிகள் இப்போது மிச்சமுள்ள மூன்றில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன.