பாத்ரூம் கல்லும் ஆசிட் பாட்டிலும்

திருப்பூரில் வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள் கடைசியாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு. பீரோ, கட்டில், கேஸ் சிலிண்டர் எல்லாம் டெம்போவில் ஏறிய பிறகு, வீட்டில் யாராவது ஒருவர் ஓடிப்போய் ஆசிட் பாட்டில் வாங்கி வருவார். பாத்ரூம் கல்லின் மேல் ஊற்றுவார். புஸ்ஸென்று நுரைக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு தென்னந்துடைப்பத்தால் தேய்ப்பார். வெள்ளையாகப் படிந்திருந்தது போய்விடும். வீட்டுக்காரர் வந்து சாவி வாங்கும்போது கல்லைத் தடவிப் பார்ப்பார். கறை இருந்தால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார் என்ற பயம்தான் இத்தனைக்கும் காரணம்.

இதில் யாரும் கேட்காத கேள்வி, அந்தக் கறை யாருடையது என்பது. குடியிருந்தவர் அழுக்கு செய்ததா, அல்லது குழாயில் வந்த தண்ணீர் செய்ததா?

கொங்கு நாட்டில் போர் தண்ணீரைச் 'சப்பைத் தண்ணி' என்பார்கள். வாயில் வைத்தால் ஏன் அந்தப் பெயர் என்று தெரிந்துவிடும். மழை குறைந்த, பாறை நிறைந்த பூமி. சுண்ணாம்பும் மெக்னீசியமும் இயல்பாகவே தண்ணீரில் கரைந்து வரும். அதன் மேல் மனிதன் சேர்த்தது வேறு. பனியன் துணிக்குச் சாயம் ஏற உப்பு நிறைய வேண்டும். சாயம் துணியில் தங்கும், உப்பு தங்காது, கழிவுநீரோடு போய்விடும். அது எங்கே போயிற்று என்பதற்கு நொய்யலும், 1992ல் கட்டி முடித்து பாசனத்துக்குப் பதில் சாயக்கழிவைத் தேக்கிய ஒரத்துப்பாளையம் அணையுமே சாட்சி. விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர்நீதிமன்றம். சொட்டுக் கழிவுகூட வெளியே விடாத முறை வந்தால்தான் ஓடலாம் என்று ஆனது. ஆனால் அதற்கு முன்பே மண்ணுக்குள் இறங்கிய உப்பு, தீர்ப்பு வந்த மறுநாள் மேலே ஏறி வந்துவிடாது அல்லவா?

அந்தத் தண்ணீர்தான் பாத்ரூம் சுவரில் தெறிக்கிறது. துளி காய்ந்தால் நீர் போய்விடும், கால்சியம் கார்பனேட் தங்கிவிடும். ஒரு நாளில் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வருடத்தில் சுரண்டினாலும் வராத ஓடாகிவிடும். சாதாரண உப்பு வேறு மாதிரி. அது கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கி, காயும்போது உள்ளேயே படிகமாகி, கல்லின் மேல்தோலைச் செதில் செதிலாகத் தள்ளும். பழைய பாத்ரூம்களில் தரையை ஒட்டிய ஓரத்தில் கல் பொரிந்து போயிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது, அது என்ன கல் என்பது. பழைய லைன் வீடுகளில் தொட்டி ஓரம், சோப்பு வைக்கும் மாடம், அலமாரித் தட்டு எல்லாம் பெரும்பாலும் கடப்பா கல். கறுப்பாக இருப்பதால் பலர் அதையும் கிரானைட் என்றே நினைக்கிறார்கள். கிரானைட் இல்லை. ஆந்திராவின் கடப்பா பகுதியிலிருந்து வரும் சுண்ணாம்புப் பாறை வகை அது. மார்பிளும் அடிப்படையில் அதே கால்சியம் கார்பனேட்தான். கறையும் கால்சியம் கார்பனேட், கல்லும் கால்சியம் கார்பனேட். ஆசிட்டுக்கு எது கறை எது கல் என்று எப்படித் தெரியும்? நுரை பொங்கும்போது "கறை கரைகிறது" என்று சந்தோஷப்படுகிறோம். கல்லும் சேர்ந்துதான் கரைகிறது.

கிரானைட் இந்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஓரளவு தாங்கும். (சில துரு நீக்கிகளில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இருக்கும். அதற்குக் கிரானைட்டும் தாங்காது.) ஆனால் கிரானைட்டுக்கு நடுவில் இருக்கும் ஜாயின்ட் சிமென்ட் தாங்காது. பத்து தடவை ஆசிட் பட்டால் ஜாயின்ட் பொடியாகும், அதன் வழியே தண்ணீர் இறங்கும், பின்பக்கம் படுக்கையறைச் சுவரில் ஓதம் பூக்கும். அப்போது பெயின்டரைக் கூப்பிடுவார்கள்! மெருகு போன கடப்பாவோ சொரசொரப்பாகி, முன்னைவிட வேகமாக உப்பைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் ஆசிட்.

கல்லை விடுங்கள், ஊற்றுகிறவர் நிலைமை? ஜன்னல் என்ற பெயரில் ஒரு ஓட்டை மட்டும் உள்ள அறையில் அமிலப் புகை. போதாக்குறைக்கு, "இன்னும் பளிச்சென்று ஆகட்டும்" என்று அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறவர்களும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. ஆசிட் வீச்சு வழக்கில் 2013ல் உச்சநீதிமன்றம் சில்லறை ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. வாங்குகிறவரின் அடையாள அட்டை, விவரங்கள் எல்லாம் பதிவாக வேண்டும், 18 வயதுக்குக் கீழே விற்கக்கூடாது. தினசரி கடைகளில் வாங்கும் டாய்லெட் கிளீனர்கள் பலவற்றிலும் இருப்பது அதே அமிலம்தான், நீர்த்த வடிவில். பீங்கானுக்கு ஆகும், கல்லுக்கு ஆகாது.

சரி, என்னதான் செய்வது? முதலில் கல்லின் மூலையில், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தாலோ, துடைத்த பிறகு அந்த இடம் மங்கினாலோ அது சுண்ணாம்புக் குடும்பம். அதற்குப் பிறகு அந்தக் கல் பக்கம் எலுமிச்சை, வினிகர், புளி எதுவும் போகக்கூடாது. மிதமான சோப்புத் தண்ணீர், மெல்லிய பிளாஸ்டிக் தகடு, பொறுமை, இவ்வளவுதான். கிரானைட் என்றால் வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்து, ஜாயின்டில் படாமல் ஐந்து நிமிடம் துணியில் ஒற்றி வைத்து, நன்றாகக் கழுவிவிடலாம்.

எண்ணெய்க் குளியல் போடும் வீடுகளில் கல்லுக்குள் நல்லெண்ணெய் இறங்கிக் கருத்திருக்கும். அதற்கு முல்தானி மட்டியைக் குழைத்துப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி ஒரு நாள் விட்டு, பிறகு தாளை எடுத்துக் காயவிட வேண்டும். மண் காயும்போது எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். இது ஏதோ பாட்டி வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். தாஜ்மகாலின் மக்ரானா மார்பிள் மஞ்சளித்தபோது, 1994 தொடங்கிப் பல முறை தொல்லியல் துறை பூசியது இதே முல்தானி மட்டியைத்தான். ஷாஜகானின் கல்லுக்கே ஆசிட் ஊற்றவில்லை.

மெருகே போய்விட்டதென்றால் வீட்டு வைத்தியம் வேலைக்கு ஆகாது. மொசைக் பாலிஷ் போடுகிறவர்தான் வர வேண்டும். தண்ணீர் விட்டு, சொரசொரப்பான தட்டில் தொடங்கிப் படிப்படியாக நைசான தட்டு வரைக்கும் உரசுவார். அவசரத்தில் நடுவில் ஒரு தட்டைத் தாண்டினால், முந்தைய கீறல் கடைசி வரை தெரியும். அதன் பிறகு ஜாயின்டுகளை நிரப்பி, சில நாள் நன்றாக உலரவிட்டு, கடைசியில் சீலர். ஈரத்தோடு சீலர் அடிப்பது, நனைந்த துணியைப் பாலிதீன் கவரில் போட்டுக் கட்டுவது மாதிரி. நாறிப்போகும்.

தினமும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கடைசியாகக் குளிப்பவர் வைப்பரால் ஒரு இழு இழுத்து, துணியால் துடைத்துவிடுவது. நீர் காய்வதற்கு முன்பே போய்விட்டால் சுண்ணாம்புக்குத் தங்க இடமில்லை. துணிக்கு இந்த ஊரில் பஞ்சமா? கிலோ கணக்கில் விற்கும் பனியன் வேஸ்டை விடத் தண்ணீரை நன்றாக உறிஞ்சும் துணி எந்தக் கடையில் கிடைக்கும்?

இப்போது அட்வான்ஸுக்கு வருவோம். காஸ்ட் அக்கவுன்டிங்கில் சாதாரண நட்டம், அசாதாரண நட்டம் என்று இரண்டு உண்டு. துணி வெட்டும்போது விழும் கட்டிங் வேஸ்ட் சாதாரண நட்டம். அதற்காகக் கட்டிங் மாஸ்டர் சம்பளத்தில் யாரும் பிடிப்பதில்லை, அது உற்பத்திச் செலவிலேயே சேர்ந்துவிடும். சப்பைத் தண்ணி வரும் வீட்டில் கல்லில் உப்பு பூப்பது அப்படிப்பட்ட சாதாரண நட்டம். அந்தத் தண்ணீரைத் தருவதே வீட்டுக்காரரின் போர்தான். ஆகவே சில வருடங்களுக்கு ஒருமுறை பாலிஷ் போடுவது வாடகை வருமானத்திலிருந்து போக வேண்டிய செலவு.

2019ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும், இயல்பான தேய்மானத்தை வாடகைதாரர் தலையில் கட்டவில்லை. அதன் அட்டவணையில் குழாய் வாஷர் மாற்றுவது முதல் குளியல் தொட்டிப் பழுது வரை வாடகைதாரர் பொறுப்பு என்று பட்டியல் இருக்கிறது. (லைன் வீட்டில் குளியல் தொட்டி! சட்டம் எழுதியவர்கள் எந்த ஊர் வீட்டைப் பார்த்தார்களோ.) கல்லில் பூத்த உப்பு அதில் இல்லை.

வீட்டுக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மூன்று வருடம் ஒரு நாள்கூடக் கழுவாமல், சோப்பு அழுக்கும் பாசியுமாக விட்டுவிட்டுப் போகிறவர்கள் இல்லாமல் இல்லை. அது அசாதாரண நட்டம், பிடிக்கட்டும். ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். குடிவரும் நாளில் இரு தரப்பும் பாத்ரூமை நான்கு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை இருக்காது. காலி செய்யும் நாளில் வெள்ளைக் கறையைத் தடவிப் பார்ப்பதை விட்டுவிட்டு, வீட்டுக்காரர் ஜாயின்ட் சிமென்டை நகத்தால் சுரண்டிப் பார்க்கலாம். போட்டோவில் முழுசாக இருந்த ஜாயின்ட் இன்று பொடிப்பொடியாக உதிர்ந்தால், யாரோ ஆசிட் ஊற்றியிருக்கிறார்கள். அட்வான்ஸில் பிடிப்பதானால் அதற்குப் பிடிக்கட்டும்.