"ஃபோர்"னு கத்தினா வாயா வலிக்கும்?

முதல்லயே சொல்லிடறேன், நான் பணக்காரன் கிடையாது. கோல்ஃப் ஆடறேன்னு சொன்னதுமே நம்ம ஆளுங்க ஒரு மாதிரி பார்ப்பாங்க. நம்ம சினிமாவில் கோல்ஃப் மட்டை பிடிக்கிறவன் ஒண்ணு ஹீரோயினோட அப்பாவா இருப்பான், இல்லேன்னா நிலத்தை வளைக்கிற வில்லனா இருப்பான். நான் ரெண்டும் இல்லை. நாற்பத்தி மூணு வயசுல முதுகுவலின்னு போனப்ப டாக்டர் நடக்கச் சொன்னார். ஆபீஸ் சீனியர் ஒருத்தர், "சும்மா ஏன் நடக்கிறே, ஒரு பந்தைத் துரத்திக்கிட்டு நட"ன்னு இழுத்துட்டுப் போனார். ஆபீசுக்கு இருக்கிற மெம்பர்ஷிப்பில் தொத்திக்கிட்டு ஒன்பது வருஷமா ஞாயிற்றுக்கிழமை காலையில் புல்லைக் கொத்திக்கிட்டிருக்கேன். ஆட்டம் இன்னும் வரலை. முதுகுவலி போயிடுச்சு.

நிற்க. இந்தப் பதிவு ஆட்டத்தைப் பத்தி இல்லை. ஆடறவங்களைப் பத்தி.

கோல்ஃப் பையைத் தூக்கிக்கிட்டு கூடவே வந்து, எந்த மட்டையை எடுக்கணும்னு சொல்லி, தொலைஞ்ச பந்தைத் தேடிக் கொடுக்கிறவருக்குப் பேரு கேடி. போலீஸ் ஸ்டேஷன் போர்டில் போட்டோ ஒட்டி வைப்பாங்களே, அந்தக் கேடி இல்லை. அந்த வகை கேடிங்களும் மைதானத்தில் உண்டு, அவங்க வேற யூனிஃபார்மில் இருப்பாங்க. கீழே வர்றேன்.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நடந்தது. ஏழாவது குழி. என் பந்து வழக்கம்போல மணல் குழியில். மூணு அடி அடிச்சு வெளியே எடுத்தேன். என் கேடி, அறுபது வயசு தாண்டினவர், குழிக்குள்ளே இறங்கி நான் உழுது வச்ச மணலை வாரியால் சமப்படுத்திக்கிட்டிருந்தார். அது நான் செய்ய வேண்டிய வேலை, அதையும் சொல்லிடறேன். அப்ப பின்னாடியிருந்து "சொத்"னு ஒரு சத்தம். வாரி கீழே விழுந்தது. அவர் தோள்பட்டையைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்துட்டார். எங்களுக்குப் பின்னாடி ஆடிக்கிட்டு வந்த நாலு பேரில் ஒருத்தர், நாங்க இன்னும் தாண்டாதபோதே அடிச்சுட்டார். கத்தவும் இல்லை.

ஒரு பத்து நிமிஷம் கழிச்சு வண்டியில் வந்து இறங்கினார். முதல் கேள்வி என்ன தெரியுமா? "என் பால் எந்தப் பக்கம் போச்சு?"

ரெண்டாவது வசனம் கேடியைப் பார்த்து: "டேய், பார்த்து நிக்கக் கூடாது?" பின்மண்டையில் கண் இல்லாதது அவர் குத்தம் போல. மூணாவதா ஒரு ஐநூறு ரூபா நோட்டு. நாலாவதா என்னைப் பார்த்து, "நீங்க ரொம்ப ஸ்லோவா ஆடறீங்க."

இந்த நாலாவதில் உண்மை இருக்குங்க. அன்னிக்கு நான் ஒரு நண்பரை விருந்தாளியா கூட்டிட்டுப் போயிருந்தேன். அவர் அப்பதான் பழகறார். பின்னாடி வர்றவங்களை "நீங்க முன்னாடி போங்க"ன்னு கை காட்டி விட்டிருக்கணும். விடலை. அது எங்க தப்பு. மெதுவா ஆடறவன் மேல கோபம் வரலாம், நடந்து வந்து திட்டலாம். பந்தால் பதில் சொல்லலாமா?

பந்துன்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக: எலுமிச்சம்பழம் சைசு, 46 கிராமுக்குக் கொஞ்சம் கம்மி. கல்லு மாதிரி இருக்கும். என்னை மாதிரி சுமாரா ஆடறவன் பெரிய மட்டையால் சரியா வாங்கு வாங்கினாலே மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும். 2003 உலகக் கோப்பையில் சோயப் அக்தர் போட்ட அந்த அதிவேகப் பந்து 161.3 கிலோமீட்டர். அதை எதிர்கொண்டவர் ஹெல்மெட், பேடு, கிளவுஸ் எல்லாம் மாட்டிக்கிட்டு, பந்து வருதுன்னு தெரிஞ்சு நின்னார். நம்ம கேடி முதுகைக் காட்டிக்கிட்டு, ஒரு தொப்பியோட நின்னார்.

2018-ல் பாரிஸ் பக்கத்தில் ரைடர் கோப்பை நடந்தப்ப புரூக்ஸ் கெப்கா அடிச்ச பந்து வேடிக்கை பார்க்க வந்த ஒரு பெண்மணி முகத்தில் பட்டது. ஒரு கண்ணில் பார்வை போயிடுச்சு. அடிச்சவர் அப்போ உலகத்தின் முதல் வரிசை ஆட்டக்காரர். அவர் பந்தே கோணலாப் போகும்னா, வாரத்துக்கு ஒரு நாள் தொந்தியைத் தூக்கிக்கிட்டு வர்ற நம்ம பந்து எங்கே போகும்னு பிரம்மாவுக்கே தெரியாது. அதனால்தான் "ஃபோர்"னு கத்தணும்னு வச்சிருக்காங்க. ஒரே ஒரு சொல். பந்து ஆள் இருக்கிற பக்கம் திரும்பின அந்த நொடியே, அடிவயித்திலிருந்து. கேட்டவன் தலையைக் கையால் மூடிக் குனிஞ்சுடுவான். அவ்வளவுதான் விஷயம். தெருவில் கிட்டிப்புள் ஆடற பொடிசுகூட எதிரே யாராவது வந்தா "ஏய் விலகு விலகு"ன்னு கத்தும். இவங்களுக்கு மட்டும் கத்தறது கௌரவக் குறைச்சல். கத்தினா தன் பந்து கோணலாப் போயிடுச்சுன்னு ஊருக்கே தெரிஞ்சுடுமில்ல!

நானும் யோக்கியன் இல்லை. ஆட ஆரம்பிச்ச புதுசுல எனக்கும் வாய் வராது. வெட்கம். ஒரு தடவை பக்கத்துப் பாதையில் களை எடுத்துக்கிட்டிருந்த அம்மாக்கள் நடுவில் போய் என் பந்து விழுந்தது. நல்லவேளை யார் மேலயும் படலை. அதில் ஒரு அம்மா பந்தை எடுத்துப் பார்த்துட்டு ஒண்ணும் பேசாம அதே இடத்தில் திரும்ப வச்சாங்க. திட்டியிருந்தாகூடத் தேவலை. வெயிலில் தலையில் துண்டு கட்டிக்கிட்டு உட்கார்ந்து புல் பிடுங்கறவங்க நகர்ந்து, கை காட்டினப்புறம்தான் நாம் அடிக்கணும். வழி அவங்களுக்கு. நம்ம ஆளுங்க அவங்களையும் மரம் மட்டை மாதிரிதான் கணக்கில் வச்சுக்கிறாங்க.

சரி, அன்னிக்குக் கதைக்கு வருவோம். கேடி அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு, நானும் நண்பரும் கிளப் சாப்பாட்டு ஹாலுக்குப் போனோம். வேர்த்துப் போச்சேன்னு அவர் சட்டையை மாத்திக்கிட்டு காலர் இல்லாத டி-ஷர்ட் போட்டிருந்தார். உட்கார்ந்து ரெண்டு நிமிஷம் ஆகலை, கமிட்டிக்காரர் ஒருத்தர் ஓடி வந்துட்டார். "சார், காலர் இல்லாம உள்ளே வரக் கூடாது. எட்டிகெட் சார்." நண்பர் ஙேன்னு முழிச்சார். எனக்கு வந்ததே கோபம். ஏழாவது குழியில் ஒரு மனுஷன் விழுந்து கிடந்தப்ப எந்தக் கமிட்டியும் ஓடி வரலை. காலருக்கு ரெண்டே நிமிஷத்தில் வந்துட்டாங்க.

வீட்டுக்கு வந்து பழைய விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 2019-ல் விதிகளை மாத்தி எழுதினாங்க. அதுக்கு முந்தின புத்தகத்தில் முதல் பிரிவே எட்டிகெட்தான். ஆட்டத்தின் உணர்வுன்னு ஒரு பத்தி. அதுக்கு அடுத்ததா என்ன இருக்குன்னு நினைக்கிறீங்க? பாதுகாப்பு. பக்கத்தில் ஆள் இருக்கான்னு பாரு, முன்னாடி போறவங்க தூரம் தாண்டாம அடிக்காதே, ஆபத்துன்னா உடனே கத்து, கத்த வேண்டிய சொல் "ஃபோர்". அந்தப் பிரிவு முழுக்கத் தேடிட்டேன். காலரைப் பத்தி ஒரு வரி கிடையாது. அரைக்கால் சட்டையைப் பத்தி கிடையாது. உள்ளே போக என்ன சட்டைன்னு கிளப் அது பாட்டுக்கு முடிவு பண்ணிக்கட்டும், வேண்டாங்கலை. ஆனா அதுக்குப் போய் எட்டிகெட்னு பேர் வைக்காதீங்கப்பா. புதுப் புத்தகத்திலும் முதல் விதிக்குள்ளேயே நடத்தையைக் கொண்டு வந்து வச்சுட்டாங்க. ரொம்ப மோசமா நடந்துக்கிட்டா ஆட்டத்தை விட்டே வெளியே அனுப்பலாம். அந்த வருஷமே பிப்ரவரியில் சவுதி போட்டியில் செர்ஜியோ கார்சியா கோபத்தில் கிரீன்களைச் சேதப்படுத்தினார்னு அனுப்பிட்டாங்க. மாஸ்டர்ஸ் ஜெயிச்ச ஆளு. பெரிய இடம்னு பார்க்கலை. எங்க மைதானத்தில் ஆள் மேல அடிச்சவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட இல்லை. அடுத்த வாரம் அதே நேரத்துக்கு அதே நாலு பேர்.

மத்த தப்பெல்லாம் பண்ணாம இல்லை. கிரீனில் ஒருத்தன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு கடைசித் தட்டு தட்டப் போறப்ப போனில் குத்துப்பாட்டு ரிங்டோன். ஒருத்தர் புளூடூத் ஸ்பீக்கரையே பையில் தொங்க விட்டுக்கிட்டு வர்றார், மைதானத்துக்கே கச்சேரி. அடுத்தவன் பந்து உருளப் போற பாதையை மிதிச்சுக்கிட்டு நடக்கிறது. பந்து விழுந்து கிரீனில் குழி பண்ணினா, பாக்கெட்டில் ஒரு சின்ன முள்கரண்டி மாதிரி இருக்கு, எடுத்து ஓரத்தை உள்பக்கமா நெம்பித் தட்டிட்டுப் போகணும். ஒரு நிமிஷ வேலை. பண்ணினா சில நாளில் புல் சேர்ந்துக்கும். பண்ணலைன்னா வாரக்கணக்கில் அம்மைத் தழும்பு மாதிரி நிக்கும். அப்புறம் தேடல் படலம். தொலைஞ்ச பந்தைத் தேட முன்னே 5 நிமிஷம், 2019-லிருந்து 3 நிமிஷம்தான். எங்க ஆளுங்க சீதையைத் தேடின மாதிரி தேடுவாங்க. அடிக்கிறதுக்கு 40 நொடிக்கு மேல எடுத்துக்காதேன்னு சொல்லுது புத்தகம். அஞ்சு தடவை காத்துல வீசிப் பார்த்து, புல்லைப் பிடுங்கிப் பறக்க விட்டு, கடைசியில் தண்ணியில் அடிக்கிறாங்க. நாலு மணி நேரத்தில் முடியற ஆட்டம் அஞ்சரை மணி நேரம் ஆகுது. இதெல்லாம் எரிச்சல். யாருக்கும் எலும்பு உடையாது.

என்னால் தாங்க முடியாத இன்னொண்ணு, அந்த "டேய்". ஐம்பது வயசு ஆள் அறுபது வயசு ஆளைக் கூப்பிடறது. பேங்கில், பஸ்ஸில், கோயிலில், எங்கேயாவது அந்த வயசுக்காரரை இவர் டேய்னு கூப்பிடுவாரா? பையைத் தூக்கினா வயசு குறைஞ்சுடுமா? நான் அண்ணேன்னு கூப்பிடறதைப் பார்த்து ஒரு மெம்பர், "இவனுங்களுக்கு ரொம்ப இடம் கொடுக்காதீங்க"ன்னு எனக்குப் புத்தி சொன்னார். அவர் பெருமையா ஞாபகம் வச்சிருக்கிற நம்ம நாட்டு ஆட்டக்காரங்க யாரு? 1991-ல் இந்தியன் ஓபனை ஜெயிச்ச முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர் டெல்லியில் கேடியா இருந்தவர். 2009-ல் ஜெயிச்ச பெங்களூரு முனியப்பாவும் கேடியா இருந்தவர். 2016, 2017 ரெண்டு வருஷமும் அதே கோப்பையை வாங்கின சௌராசியாவோட அப்பா கல்கத்தா மைதானத்தில் புல் பார்த்துக்கிற தொழிலாளி. காலர் போட்டு வளர்ந்த எத்தனை பேர் அந்தக் கோப்பையைத் தொட்டிருக்காங்கன்னு அவரையே கேட்டேன். டீ ஆறிப்போகுதுன்னு எழுந்து போயிட்டார்.

கூலி விஷயத்திலும் இதே கதைதான், உலகம் முழுக்க. 2018 நவம்பரில் மெக்சிகோவில் மேட் குச்சர் ஒரு போட்டியை ஜெயிச்சு கிட்டத்தட்ட 13 லட்சம் டாலர் வாங்கினார். உள்ளூர் கேடிக்குக் கொடுத்தது 5,000 டாலர். ஜெயிச்சா பத்து சதவீதம்ங்கிறது வழக்கம். பேசினபடிதான் கொடுத்தேன்னார் முதல்ல. ஊரே காறித் துப்பினப்புறம் அடுத்த பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்டு 50,000 ஆக்கினார். அவருக்காவது துப்பறதுக்கு ஊர் இருந்தது. எங்க மைதானத்து கேடிங்க சம்பளக்காரங்க இல்லை. பை தூக்கினா அன்னிக்குக் காசு. தோள்பட்டை வீங்கி வீட்டில் படுத்தா, படுத்த நாளுக்குக் காசு கிடையாது. எலும்பில் விரிசல், மூணு வாரம் கை தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. அந்த மூணு வாரக் கணக்கை ஐநூறு ரூபா நோட்டோட வச்சுப் பாருங்க.

"ரிஸ்க் தெரிஞ்சுதானே வர்றாங்க"ன்னு ஒரு வாதம் வரும். வந்தது, என் குழுவிலேயே ஒருத்தர் சொன்னார். ரோட்டில் நடக்கிறவனும் வண்டி வரும்னு தெரிஞ்சுதான் நடக்கிறான். அதுக்காக ஹாரன் அடிக்காம ஏத்திட்டு, வண்டியில் கீறல் விழுந்திருக்கான்னு இறங்கிப் பார்ப்பீங்களா?

கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். ரெண்டே விஷயம்தான் கேட்டிருக்கேன். முன்னாடி ஆள் இருக்கும்போது அடிச்சா ஒரு மாசம் ஆடக் கூடாது. கேடிங்களுக்கும் களை எடுக்கிறவங்களுக்கும் விபத்துக் காப்பீடு, பிரீமியத்தை மெம்பருங்க ஆட்டத்துக்கு இவ்வளவுன்னு சேர்த்துக் கட்டணும். என் பங்கை முதல் ஆளா கட்டறேன்னும் எழுதியிருக்கேன். ஆறு வாரம் ஆச்சு. பரிசீலனையில் இருக்காம். நடுவில் நோட்டீஸ் போர்டில் புதுசா ஒரு காகிதம் ஒட்டியிருந்தாங்க. ஆவலா போய்ப் பார்த்தேன். சாக்ஸ் கணுக்காலுக்கு மேல தெரியணுமாம்.

போன ஞாயிறு அண்ணன் திரும்ப வந்துட்டார். பையை நானே உருட்டு வண்டியில் வச்சுத் தள்ளிக்கிட்டேன், அவர் சும்மா கூட நடந்து வந்தார். மூணாவது குழியில் என் பந்து வலப்பக்கம் மரங்களுக்குள்ளே வளைஞ்சுது. "ஃபோர்ர்ர்"னு கத்தினேன் பாருங்க, மைனா எல்லாம் எழும்பிப் பறந்துடுச்சு.

"அங்க ஆளே இல்ல சார்"னார் சிரிச்சுக்கிட்டு.

"இருந்தா?"ன்னேன். பந்தைத் தேடக் கிளம்பினோம். மூணு நிமிஷத்தில் கிடைக்கலை, விட்டுட்டு வந்துட்டோம்.