ஒரு 91 கிலோவின் வாக்குமூலம்

முன் டிஸ்கி: அடியேன் டாக்டர் இல்லை. மெக்கானிக்கல் படிச்சிட்டு, அதுக்குச் சம்பந்தமே இல்லாம சென்னையில் பொட்டி தட்டிக்கொண்டிருக்கும் ஆசாமி. இதைப் படித்துவிட்டு யாராவது மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பாவத்துக்கு நான் ஆளில்லை. ஏன் இதை முதல் வரியிலேயே சொல்கிறேன் என்பது பாதிக்கு மேல் படித்தால் புரியும்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கலாம். 2019-ல் காலேஜ் முடிச்சு வெளியே வரும்போது என் எடை 68 கிலோ. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகலை, 2020-ல் ஊரடங்கு. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டிக்கு ஓடிப்போய், கட்டில்ல உட்கார்ந்தபடியே ஆணி புடுங்க ஆரம்பிச்சேன். அடுக்களைக்கும் எனக்கும் பத்தடி தூரம். அம்மாவுக்கோ பையன் நாலு வருஷம் ஹாஸ்டல்ல காய்ஞ்சு போனான்னு நினைப்பு. காலையில அஞ்சு இட்லி, மத்தியானம் குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை சோறு, சாயங்காலம் காபியோட சேவு, ராத்திரி நாலு தோசை. நடுவுல வாய் சும்மா இருக்கக்கூடாதுன்னு கடலைமிட்டாய். (2020-ல்தான் எங்க ஊர் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. அந்தச் சந்தோஷத்தை நான் கொஞ்சம் அதிகமாவே கொண்டாடிட்டேன்.)

2024 ஜூன்ல ஆபீஸ்ல எல்லாருக்கும் உடல் பரிசோதனை. எடை 91. இடுப்பு 104 சென்டிமீட்டர். ட்ரைகிளிசரைடு 268. மூணு மாச சராசரிச் சர்க்கரைன்னு ஒண்ணு பார்ப்பாங்களே, ஹெச்பிஏ1சி, அது 6.0. அதாவது சர்க்கரை நோய் வீட்டு வாசப்படியில செருப்பைக் கழட்டிக்கிட்டு நிக்குது. ஸ்கேன்ல ஃபேட்டி லிவர். அப்பாவுக்குப் பன்னிரண்டு வருஷமா சர்க்கரை. தாத்தாவுக்கு அதனால ஒரு கால் விரலை எடுத்தாங்க. இருபத்தேழு வயசுல நான் அந்த வரிசையில மூணாவது ஆளாப் போய் நின்னேன்.

அன்னிக்கு ராத்திரியே ஒரு சமையலறைத் தராசு ஆர்டர் பண்ணினேன். அந்த வார லீவுக்கு ஊருக்குப் போனப்ப, அம்மா தட்டுல போட்ட சோத்தை அப்படியே தூக்கித் தராசுல வச்சேன். 460 கிராம். இது குழம்புக்கு மட்டும். வெந்த சோறு 100 கிராம்ல மாவுச்சத்து சுமார் 28 கிராம். ஆக ஒரு தடவை போட்டதுலயே கிட்டத்தட்ட 130 கிராம். முழு நாளுக்கும் கூட்டிப் பார்த்தா 300-ஐ சாதாரணமாத் தாண்டுது. புரதம்? சாம்பார்ல நீச்சல் அடிச்சுக்கிட்டிருந்த நாலு பருப்பும், பாக்கியம் இருந்தா ஒரு முட்டையும்.

இது என் வீட்டு விசேஷம் மட்டும் இல்லை. 2025-ல் வந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வுப்படி, இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்துதான் வருது. அதே குழுவினர் 2023-ல் சொன்ன கணக்கு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். சோறுதான் ஒரே காரணம்னு சொல்ல வரலை. ஆனா நாள் பூரா நாற்காலியில உட்கார்ந்திருக்கிறவன் நடவு நட்டுட்டு வந்தவன் மாதிரி சாப்பிட்டா, அது எங்கயாச்சும் போய்த் தங்கித்தானே ஆகணும்?

சரி, மேட்டருக்கு வருவோம். தராசு காட்டின கணக்கைப் பார்த்த வேகத்துல நேரா உச்சாணிக் கொம்புக்கே ஏறினேன். ஒரு நாளைக்கு 30 கிராம் மாவுச்சத்துக்கு மேல கிடையாது. முட்டை, பனீர், சிக்கன், மட்டன், தேங்காய், பாதாம், வெண்ணெய் போட்ட காபி. காலிஃபிளவரைத் துருவி வதக்கி அதைச் சோறுன்னு நம்பிச் சாப்பிடணும். (நம்பிக்கைதான் வாழ்க்கை.)

முதல் வாரத்துலயே மூணு கிலோ குறைஞ்சுது. நான் பூமியிலயே இல்லை. ஆனா அது கொழுப்பு இல்லை மக்கா, பெரும்பாலும் தண்ணி. நம்ம உடம்பு அவசரத்துக்குன்னு ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன்ங்கிற வடிவத்துல அரைக்கிலோ வரைக்கும் மாவுச்சத்தைச் சேர்த்து வச்சிருக்கும். நம்ம பாஷையில சொன்னா கேஷ் மெமரி. ஒவ்வொரு கிராமும் கூடவே மூணு கிராம் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினா முதல்ல இது காலியாகுது, தண்ணியும் கூடவே போகுது. தண்ணியோட உப்பும் போறதால தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு, ராத்திரி எழுந்து உட்கார்ந்து 'அம்மா'ன்னு ஒரு சத்தம். உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணி குடிச்சதும் சரியாச்சு. மலச்சிக்கல் மட்டும் லேசுல சரியாகலை. அதைப் பத்தி விரிவா எழுதுற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை.

அதுக்கப்புறம் நிஜமாவே குறைஞ்சுது. ஆறே மாசத்துல 91 போய் 79. காரணம் ஏதோ மந்திரம்னு அப்ப நம்பினேன். இப்ப யோசிச்சா விஷயம் ரொம்ப எளிசு. முட்டையும் மட்டனும் பசியைத் தாங்கும். பதினோரு மணிக்குப் பஜ்ஜி தேடி ஓடலை. என்னை அறியாமலே மொத்தமா கம்மியாச் சாப்பிட்டேன். 2018-ல் ஸ்டான்ஃபோர்டுல 609 பேரை ரெண்டு பிரிவாப் பிரிச்சு, ஒரு வருஷம் ஒரு பாதிக்குக் கொழுப்பைக் குறைச்சு, மறு பாதிக்கு மாவுச்சத்தைக் குறைச்சுப் பார்த்தாங்க. ரெண்டு பக்கமும் காய்கறி நிறைய, சர்க்கரையும் மைதாவும் கம்மி. வருஷக் கடைசியில கொழுப்பைக் குறைச்சவங்களுக்குச் சராசரியா 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைச்சவங்களுக்கு 6.0 கிலோ இறங்கியிருந்துது. பெரிய வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு பிரிவுலயும் சிலருக்கு இருபது கிலோவுக்கு மேல இறங்கியிருக்கு, சிலருக்கு எடை கூடியும் இருக்கு. எது நம்மால விடாமச் செய்ய முடியுதோ அது வேலை செய்யுது, அவ்வளவுதான்.

இதெல்லாம் அப்ப யார் கேட்டா? புதுசா மதம் மாறினவன் மாதிரி திரிஞ்சேன். ஆபீஸ் கேன்டீன்ல எதிர்ல உட்கார்ந்தவன் தட்டைப் பார்த்து 'இது எத்தனை கிராம் கார்ப் தெரியுமா'ன்னு கேட்டிருக்கேன். (அவன் இன்னும் வேற மேசையிலதான் உட்கார்றான்.) எங்க ஆபீஸ் வாசல்ல பன்னிரண்டு மணி நேரம் நின்னே வேலை பார்க்கிற செக்யூரிட்டி அண்ணன்கிட்டயும் போய், 'அண்ணே, சோத்தை விடுங்க, பாதாம் சாப்பிடுங்க'ன்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே, 'தம்பி, ரேஷன்ல அரிசி சும்மா குடுக்கான். பாதாமும் குடுத்தா சொல்லுங்க, வாங்கிக்கிடுதேன்'னார். அன்னிக்கு அதை ஜோக்குன்னு நினைச்சேன். பனீர் என்ன விலை, மட்டன் என்ன விலைன்னு நமக்குத் தெரியாதா?

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அம்மா வெண்கலப் பானையில பொங்கல் வச்சு, முதல் கரண்டியை எனக்குத்தான் நீட்டினா. நான் கையை எடுத்துக் குறுக்க வச்சேன். "ஒரு வாய்யா" என்றாள். "கீட்டோசிஸ் போயிரும்மா" என்றேன். அம்மாவுக்கு அது என்ன கழுதைன்னு தெரியாது. கரண்டியை அப்படியே பானையில போட்டுட்டு உள்ளே போயிட்டா. ஒரு கரண்டிப் பொங்கல்ல என்ன போயிருக்கும்? ஒரு மண்ணும் போயிருக்காது. இதை இப்ப எழுதும்போதும் வெட்கமாத்தான் இருக்கு.

அப்பா எதுவும் பேசலை. ஆனா என் சட்டை தொளதொளன்னு ஆனதைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கார். தீப்பெட்டி ஆபீஸ்ல முப்பது வருஷம் கணக்கு எழுதின மனுஷன், பார்த்ததை மனசுல எழுதி வச்சுக்குவார். நான் சென்னை திரும்பின பிறகு, யார்கிட்டயும் சொல்லாம அவரும் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தி ரெண்டு அவிச்ச முட்டையோட படுக்க ஆரம்பிச்சிருக்கார். சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டிருக்கார். கிளிமிப்ரைடு. பிப்ரவரியில ஒரு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அம்மா போன் பண்ணினா. "ஏய்யா, அப்பாக்கு வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, என்னைப் பார்த்து யாருன்னு கேக்காக." நான் அறுநூறு கிலோமீட்டர் தள்ளி நின்னுக்கிட்டு 'சீனியைக் கரைச்சுக் குடுங்க, சீனியைக் கரைச்சுக் குடுங்க'ன்னு கத்தினேன். ஆறு மாசமா எதை விஷம்னு பிரசங்கம் பண்ணினேனோ, அதே சீனி. நல்லவேளை, அப்பாவுக்கு முழுங்குற அளவுக்கு நினைவு இருந்துது. பக்கத்து வீட்டு அண்ணன் ஓடிவந்து மெஷின்ல பார்த்தப்ப 54. அது ஒரு டம்ளர் குடிச்ச பிறகு.

மறுநாள் டாக்டர் எனக்குப் போன்லயே விட்டார் டோஸ். "ராத்திரி இட்லியோ தோசையோ வரும்னு நம்பித்தான் அந்த மாத்திரை வேலை செய்யுது. சாப்பாட்டைக் குறைச்சா மாத்திரையையும் குறைக்கணும். அதை நீங்க செய்யக்கூடாது, நான் செய்யணும்." இன்சுலின் போடுறவங்களுக்கும் இதே கதைதான். இன்னொண்ணும் சொன்னார். பேர் முடிவுல 'ஃப்ளோசின்'னு வர்ற மாத்திரை போடுறவங்க, டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாதிரி, மாவுச்சத்தைச் சுத்தமா நிறுத்தினா, சர்க்கரை அளவு ரொம்ப ஏறாம இருக்கும்போதே ரத்தத்துல அமிலம் ஏறி ஆபத்தாகலாமாம். கோடு எழுதுறவங்களுக்குச் சொன்னா சட்டுனு புரியும்: ஒரு பக்கம் கான்ஃபிகை மாத்திட்டு மறுபக்கத்தை அப்படியே விட்டா புரொடக்ஷன் என்ன ஆகும்? இங்க புரொடக்ஷன் எங்க அப்பா.

அதே மாசம் என் ரத்தப் பரிசோதனையும் வந்துது. ட்ரைகிளிசரைடு 268-லிருந்து 110. ஹெச்பிஏ1சி 5.4. ஆனா கெட்ட கொழுப்புன்னு சொல்ற எல்டிஎல் 128-லிருந்து 191. வெண்ணெய்க் காபிக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் கிடைச்ச பரிசு. எல்லாருக்கும் இப்படி ஏறாது, ஆனா சிலருக்கு ஏறும், அதுல நான் ஒருத்தன். இதை 'பரவாயில்லை, அதெல்லாம் கண்டுக்காதீங்க'ன்னு சொல்ற ஆட்கள் இருக்காங்க. எனக்கு அந்தத் தைரியம் வரலை.

நிற்க. இவ்வளவுக்குப் பிறகும் மாவுச்சத்தைக் குறைக்கணும்ங்கிறதுல எனக்குச் சந்தேகமே இல்லை. நான் விட்டது 'சுத்தமா கூடாது'ங்கிறதைத்தான். ஐசிஎம்ஆர்-இண்டியாப் தரவை வச்சு 2022-ல் சென்னை ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டிருந்தாங்க. புதுசாச் சர்க்கரை வந்தவங்க அதிலிருந்து மீண்டு வர, மாவுச்சத்தைக் கலோரியில 49-லிருந்து 54 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, புரதத்தை 20 சதவீதம் பக்கம் ஏத்தினாப் போதும்னு. 62-லிருந்து 50. சும்மா ஒரு கரண்டி, ரெண்டு இட்லி வித்தியாசம். இதுக்குக் காலிஃபிளவரை எதுக்கு அழ வைக்கணும்?

இப்ப நான் செய்றது ரொம்பச் சாதாரணம். சோத்தையும் தொடுகறியையும் இடம் மாத்திட்டேன். தட்டுல பாதிக்கு அவரைக்காயோ கீரையோ முட்டைக்கோஸோ. கால்வாசிக்கு முட்டை, சாளை மீன், கோழி, இல்லைன்னா சுண்டல். மிச்சம் இருக்கிற இடத்துல சோறு, 150 கிராம். முதல்ல காய், கடைசியில சோறு. சேவும் மிட்டாயும் தீபாவளிக்கு. காபியில சீனி கிடையாது. (இதுதான் இருக்கிறதுலயே கஷ்டம். மூணு வாரம் விளக்கெண்ணெய் குடிக்கிற மூஞ்சியோட திரிஞ்சேன்.) தினம் நாலு கிலோமீட்டர் நடை. ஒரு கிலோகூட ஏறலை, 78-லயே நிக்குது. எல்டிஎல் 124-க்கு இறங்கிடுச்சு.

சைவக்காரங்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான், ஒத்துக்கிறேன். பருப்புலயும் சுண்டல்லயும் புரதத்தோட மாவுச்சத்தும் சேர்ந்துதான் வரும். தயிர், பனீர், சோயான்னு கலந்து ஓட்டணும்.

இன்னொரு ஆத்தாமையையும் கொட்டிடுறேன். 'நான் ராத்திரி சப்பாத்திதான்'னு நாலு சப்பாத்தியை உருளைக்கிழங்கு குருமாவோட உள்ளே தள்ளிட்டு, எடை குறையலைன்னு புலம்புறவங்க. 'சிறுதானியத்துக்கு மாறிட்டேன்'னு தினைப் பொங்கலை மூணு தடவை வாங்குறவங்க. சமைக்காத அரிசியில 100 கிராமுக்கு 78 கிராம் மாவுச்சத்துன்னா, கோதுமை, கம்பு, கேழ்வரகு, தினை எல்லாம் 60-லிருந்து 72-க்குள்ளதான் வரும். நார்ச்சத்து அதிகம், நல்லதுதான், நானும் கம்மங்கூழ் ரசிகன். ஆனா அளவைக் குறைக்காம தானியத்தை மட்டும் மாத்தினா, பஸ்ஸை விட்டு இறங்கி அதே ரூட்ல அடுத்த பஸ் ஏறின மாதிரிதான்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். டாக்டர் அப்பாவுக்கு மாத்திரையைப் பாதியாக்கிட்டார், அதுக்கேத்த மாதிரி சாப்பாடும் மாறியிருக்கு. மத்தியானம் மூணு பேரும் சேர்ந்து உட்கார்ந்தோம். அம்மா எனக்கு ஒரு கரண்டி சோறு வச்சு, பக்கத்துல மலை மாதிரி அவரைக்காய்ப் பொரியலைக் கொட்டினா. அப்பாவுக்கும் அதே. பழைய சோத்துப் பானையைப் பரண்ல ஏத்திட்டு ஒரு சின்னப் பானை வாங்கியிருக்கா. அவளுக்கு இதுல ஒரே ஒரு குறைதான்.

"அவரைக்காய் கிலோ என்ன விலை தெரியுமாய்யா உனக்கு? அதுக்கு மூணு நாளைக்கு அரிசி வாங்கிருவேன்."

அப்பா தலையைக் குனிஞ்சு சிரிச்சுக்கிட்டே இன்னொரு கை பொரியல் எடுத்துக்கிட்டார்.