ஆலைவாயிலில் அயன்மொழி, தொழிலாளி நெஞ்சில் அச்சம்

கும்மிடிப்பூண்டித் தொடர்வண்டி நிலையத்தில் விடியற்காலையில் வந்திறங்கும் உழைப்பாளர் கூட்டத்தைப் பார்த்தோர், அவர்தம் கையில் சோற்றுத்தூக்கையும் முகத்தில் ஒரு வினாவையும் ஒருங்கே கண்டிருப்பர். 'இன்று வாயிற்காவலன் உள்ளே விடுவானா?' என்பதே அவ்வினா. சிப்காட் வளாகத்து உருக்காலைகளிலும் கம்பி உருட்டாலைகளிலும் கொதிக்கும் இரும்பின் முன்னின்று பழகியவனுக்கு நெருப்பு அச்சந் தருவதில்லை. ஒப்பந்தக்காரன் கையிலுள்ள பெயர்ப்பட்டியே அச்சந் தருகின்றது. காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் இதே நிலைதான். வேலை போய்விடுமோ என்னும் கவலையால் உறக்கமிழந்தோர் எத்தனை பேர் என்று எந்த அரசு ஏட்டிலும் கணக்கில்லை.

இவர்களுக்கு அறிவுரை கூறுவோர்க்குக் குறைவில்லை. மூச்சை அடக்கிப் பழகுக என்பார் ஒருவர். நல்லதையே எண்ணுக என்பார் மற்றொருவர். கடன்காரன் திண்ணையில் அமர்ந்திருக்கும்போது மூச்சை எத்தனை நாழிகை அடக்குவது? இத்தொழிலாளியின் அச்சம் நோயன்று. அது கண்ணாரக் கண்டதால் வந்த அறிவு. 

2006-இல் திருப்பெரும்புதூரில் தொடங்கப்பெற்ற நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டதை அவன் கண்டான். மூடுவதற்கு முன்பே ஐயாயிரவர்க்கு மேற்பட்டோர் 'விருப்ப ஓய்வு' என்னும் பெயரால் வெளியேறினர். அவருள் இளம்பெண்கள் மிகப்பலர். இருபத்தைந்து அகவைப் பெண்ணுக்கு ஓய்வாம்! அதுவும் விருப்பமாம்! பிறகு 2021-இல் போர்டு நிறுவனம் இந்தியாவில் தன் ஊர்தி ஆக்கத்தை நிறுத்தப்போவதாக அறிவித்து, 2022-இல் மறைமலைநகர் ஆலையை நிறுத்தியது. 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த அடிகளின் பெயர் தாங்கிய ஊர் அது. அவர் பெயர் ஊரின் வளைவில் உள்ளது. அவர் மொழி ஆலையின் தாள்களில் எவ்வளவு இருந்தது என்று கேட்க எவர்க்கும் தோன்றவில்லை.

ஆயினும் அங்கே ஒரு பாடம் உண்டு. ஆலை மூடப்பட்டால், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியமே சட்டம் வகுத்த குறைந்த அளவு இழப்பீடு. போர்டுத் தொழிலாளர் ஒன்றாய் நின்று போராடிப் பேசியதன் பயனாய், ஆண்டொன்றுக்குச் சராசரி 130 நாள் ஊதியம் என்னும் அளவில் 2022-இல் உடன்பாடு ஏற்பட்டது. கும்மிடிப்பூண்டி உருட்டாலையின் ஒப்பந்தத் தொழிலாளிக்கோ, அந்தப் பதினைந்து நாளும் தன் உரிமை என்று சொல்ல ஆளில்லை. அவன் முன்னே ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாள் நீட்டப்படுகின்றது. கையொப்பமிட வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி குத்தப்பட்டுள்ளது. அத்தாள், அவன் தானே விரும்பி விலகியதாகக் கூறுகின்றதா, எல்லாத் தொகையும் பெற்றுக்கொண்டதாகக் கூறுகின்றதா என்று அவனுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில்தான் அச்சம் குடியேறும்.

வெள்ளையன் ஆட்சியிலேயே, 1946-இல் இயற்றப்பட்ட தொழிலக நிலையாணைச் சட்டம், நிலையாணைகளை ஆங்கிலத்தோடு, தொழிலாளருள் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் எழுதி, வாயிலருகே தனிப்பலகையில் ஒட்டுமாறு கட்டளையிட்டது. எத்தனை ஆலைவாயில்களில் அப்பலகை தமிழோடு நின்றது? தமிழ் அங்கு அறவே இல்லாமலில்லை. 'வேலை காலி இல்லை' என்று வண்ணம் பூசித் தமிழில் எழுதத் தெரிந்தவர்களுக்கு, வேலையிலிருந்து நீக்கும் முறையை மட்டும் தமிழில் எழுதத் தெரியவில்லை!

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அப்பழைய சட்டத்தை விழுங்கிவிட்டது. நிலையாணைகள் எம்மொழியில் இருக்க வேண்டும் என்பதை அது தானே சொல்லாமல், பின்னர் வகுக்கப்படும் நெறிகளுக்கு விட்டுவிட்டது. 300 தொழிலாளருக்குக் குறைந்த ஆலைகளுக்கு நிலையாணையே கட்டாயமன்று. ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன்னிசைவு பெறவேண்டும் என்னும் வரம்பும் 100-லிருந்து 300-க்கு உயர்ந்துவிட்டது. சிறு உருட்டாலைகள் மிகுந்த கும்மிடிப்பூண்டிக்கு இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டுவதில்லை. ஆட்குறைப்புக்கு ஆளானவனுக்கு இழப்பீட்டோடு 15 நாள் ஊதியத் தொகை மறுபயிற்சி நிதியிலிருந்து 45 நாளுக்குள் சேர வேண்டும் என்றும் இத்தொகுப்பு கூறுகின்றது. இதனையேனும் அறிந்த உருட்டாலைத் தொழிலாளி எத்தனை பேர்?

தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1981-இல் இயற்றிய சட்டமொன்றும் உண்டு. 24 திங்களில் 480 நாள் தொடர்ந்து பணியாற்றியவனை நிலைப்பணியாளனாக்க வேண்டும் என்பது அது. நாள் நிரம்புமுன் பெயரை வெட்டி, வேறோர் ஒப்பந்தக்காரன் பட்டியில் புதியவனாய் ஏற்றும் கைத்திறம் தொழில்வட்டாரங்களில் தெரியாததன்று. ஆகவே வேலைக்குச் சென்ற நாளைத் தன் கைக்குறிப்பேட்டில் தமிழில் எழுதி வைப்பவனும், ஊதியச் சீட்டையும் வைப்புநிதி எண்ணையும் பேணுபவனும், படித்தறியாத தாளில் கையொப்பமிட மறுப்பவனும் மூச்சடக்குவோனைவிட நன்கு உறங்குவான்.

வடபுலத்திலிருந்து வந்து இவ்வட்டாரத்தில் தகரக் கொட்டகைகளில் ஒண்டியிருக்கும் தொழிலாளிமேல் சினங்கொள்வார் சிலர். கூலியைக் குறைப்பதற்காக அவனைக் கொணர்ந்தவன்மேல் அச்சினம் செல்வதில்லை, இது பிழை. அவனும் பெயர்ப்பட்டிக்கு அஞ்சுபவனே. ஒடிய மொழியனுக்கு இந்தியில் அறிவிப்பு ஒட்டுவதும் தமிழனுக்கு ஆங்கிலத்தில் ஒட்டுவதும் ஒரே கொடுமையின் இரு முகங்கள். ஒடியனுக்கு ஒடிய மொழியில் எழுதப்படட்டும். தமிழ்மண்ணில் தமிழ் முதலில் எழுதப்படட்டும்.

தனியார் ஆலைகளைப் பொறுத்தவரை அந்நெறிகளை வகுக்கும் பொறுப்பு மாநில அரசினுடையது. அதில் வேண்டுவது பெரிதொன்றுமன்று. நிலையாணை, பணியமர்த்தல் ஆணை, ஆட்குறைப்பு அறிவிப்பு, கணக்குத் தீர்க்கும் தாள் ஆகிய நான்கும் தமிழில் இல்லையெனில் செல்லாது என்று ஒரு வரி எழுதினாற் போதும். அவ்வரியைக் கேட்டு, கும்மிடிப்பூண்டி வளாகத்துத் தொழிற்சங்கத்தார் ஒவ்வொருவரும் கோட்டைக்குத் தமிழில் மடல் எழுதட்டும். தொழிலாளர் துறை விடையைத் தமிழில் எழுதுகின்றதா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.