கூட்டாளிகள் பலர்; பொறுப்பேற்பவர் எவர்?

அரசும் பன்னாட்டு உதவி நிறுவனங்களும் கைகோத்துச் செயல்படுவதே சமூக மேம்பாட்டுக்கு உகந்த வழி என்னும் கருத்து, தாராளமயக் காலத்தில் அனைத்து அரசாங்கங்களின் வேதவாக்காகிவிட்டது. அக்கூட்டாண்மையில் மக்கள் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதை மும்பையின் அனுபவத்தைக் கொண்டு மதிப்பிடுவது இன்று அவசியமாகிறது. ஏனெனில், தாராவியில் அது புதிய கட்டத்தை எட்டியுள்ளது.

தாராவியின் மாட்டுங்கா லேபர் கேம்ப், பெயரிலேயே உழைப்பைத் தாங்கி நிற்கும் பகுதி. மராத்தி தலித் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் அடுத்தடுத்து வாழும் இடம். 1944இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் இணைந்து லால் பாவ்டா கலாபதக் என்னும் செங்கொடிக் கலைக்குழுவைத் தோற்றுவித்த அண்ணாபாவு சாத்தே வாழ்ந்ததும் இங்குதான். இத்தகைய பகுதிகளில் வீட்டுக்கொரு கழிப்பறை இல்லை. பொதுக் கழிப்பறையே கதி. ஆகவே கழிப்பறையிலிருந்தே இவ்விவாதத்தைத் தொடங்குவது பொருத்தம்.

பொதுக் கழிப்பறைகளைக் கட்டுவதும் பராமரிப்பதும் துப்புரவு செய்வதும் மாநகராட்சியின் கட்டாயக் கடமை என 1888ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டம் கூறுகிறது. காலனி ஆட்சியில் இயற்றப்பட்ட அச்சட்டத்தின் இக்கடமை குடிசைப்பகுதிகளில் ஒருபோதும் முழுமையாக நிறைவேற்றப்பட்டதில்லை. 1995இல் உலக வங்கியின் கடனுதவியுடன் மும்பை கழிவுநீர் அகற்றும் திட்டம் வந்தது. அதன் ஓர் அங்கமாகக் குடிசைப்பகுதி சுகாதாரத் திட்டம் தொடங்கப்பட்டது. ஓர் இருக்கைக்கு 50 பேர் என்பது அதன் அளவுகோல். 2005க்குள் 328 கழிப்பறைத் தொகுதிகளில் 5,100க்கும் மேற்பட்ட இருக்கைகள் அமைக்கப்பட்டன.

இது சிறிய சாதனையன்று. இருட்டும்வரை காத்திருந்து ஒதுக்குப்புறம் தேடிய பெண்களுக்குக் கதவும் தண்ணீரும் விளக்கும் உள்ள கழிப்பறை கிடைத்தது. தொண்டு நிறுவனங்கள் பகுதிப் பெண்களைத் திரட்டிக் குழுக்களாக்கியதும் உண்மை. இவற்றை மறுத்துப் பேசுவோரின் சொல் குடிசைப்பகுதியில் எடுபடாது.

ஆயின் அத்திட்டத்தின் நிபந்தனை கவனிக்கத்தக்கது. கட்டுமானச் செலவு திட்டத்தினுடையது, பராமரிப்பு மக்களுடையது. பெரியவருக்கு 100 ரூபாய், குழந்தைக்கு 50 ரூபாய், குடும்பத்துக்கு அதிகபட்சம் 500 ரூபாய் எனப் பங்களிப்பு முன்கூட்டியே வசூலிக்கப்பட்டது. கட்டி முடித்தபின் மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம், துப்புரவு, பழுது யாவும் பகுதிவாழ் மக்களின் சங்கத்தின் தலையில் ஏறின. கழிப்பறையின் மாடி அறையில் தங்கி அதைக் கழுவுபவர் மாநகராட்சி ஊழியர் அல்லர். நிரந்தரப் பணியோ ஓய்வூதியமோ அவருக்கு இல்லை. குழாய் உடைந்தால் மாநகராட்சி சங்கத்தைக் கைகாட்டும். சங்கம் வசூலாகாத சந்தாவைக் கைகாட்டும். 1888இல் அரசின் கடமையாக இருந்தது, ‘மக்கள் பங்கேற்பு’ என்னும் பெயரில் மக்களின் கடமையாயிற்று.

கழிப்பறையில் கற்ற பாடம் குடியிருப்பில் பெரிய அளவில் செயல்படுத்தப்பட்டது. 2002இல் உலக வங்கி ஒப்புதலளித்த மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்துக்காக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ரயில் பாதையோரங்களிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் இடம்பெயர்க்கப்பட்டனர். மறுகுடியமர்த்தலின் பெரும்பகுதி தொண்டு நிறுவனங்களிடம் விடப்பட்டது. 2004இல் பாதிக்கப்பட்டோர் உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையிட்டனர். போதிய திறன் உண்டா என உறுதிசெய்யாமல் அப்பொறுப்பைத் தொண்டு நிறுவனங்களிடம் மாற்றியதை அக்குழுவே குறைகூறியது. 2006 மார்ச்சில் சாலை, மறுகுடியமர்வுப் பணிகளுக்கான நிதியை வங்கி நிறுத்தியது. சில மாதங்களில் மீண்டும் விடுவித்தது. செம்பூர் வாஷி நாக்காவிலும் மான்குர்டிலும் காற்றும் வெளிச்சமும் புகாதபடி நெருக்கி எழுப்பப்பட்ட அடுக்கங்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

இந்நிகழ்வில் ஒரு முரண் உண்டு. தம் வீட்டை இடிக்கும் திட்டத்தைப் பற்றி முறையிட, மும்பைவாசி வாஷிங்டனுக்கு எழுத வேண்டியிருந்தது. தாம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அரசிடம் அத்தகைய முறையீட்டுக்கு இடமில்லாமற்போனது. பன்னாட்டுக் கூட்டாளியின் வருகையால் அரசு பலமடைந்ததாகக் கூறப்பட்டாலும், மக்களுக்குப் பதில் சொல்லும் அதன் கடப்பாடு மெலிந்தது என்பதே உண்மை.

இன்று தாராவியில் நிலைமை இன்னும் கடுமை. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலக்கோரிக்கையுடன் அதானி குழுமம் மறுசீரமைப்புத் திட்டத்தைப் பெற்றது. கூட்டு நிறுவனத்தில் அதானியின் பங்கு 80 விழுக்காடு, மாநில அரசின் பங்கு 20. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்போருக்கு மட்டுமே தாராவிக்குள் 350 சதுர அடி இலவச வீடு. பின்னர் வந்தோரும் மேல்தளத்தில் வசிப்போரும் தாராவிக்கு வெளியே, விலைக்கோ வாடகைக்கோ குடியேற வேண்டும். உலக வங்கியிடமாவது முறையிட ஒரு குழு இருந்தது. இங்கு அத்தகைய பன்னாட்டுக் குழு இல்லை. பொறுப்பைக் கைமாற்றும் பழக்கத்தை அரசுக்குக் கற்றுத்தந்த ‘உதவி’க் கூட்டாண்மையின் வழித்தோன்றலே இது.

இடதுசாரிகள் வெளிநிதியை எதிர்ப்பதோடு நின்றுவிட இயலாது. தெளிவான கோரிக்கைகள் வேண்டும். எந்த நிதியில் எது கட்டப்பட்டாலும் பராமரிப்பும் துப்புரவுப் பணியாளரின் ஊதியமும் மாநகராட்சியின் பொறுப்பாக வேண்டும். ஒவ்வோர் ஒப்பந்தமும் மராத்தியிலும் தமிழிலும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். தகுதி நாள், தளம் என்னும் பாகுபாடின்றி வசிப்போர் அனைவருக்கும் தாராவிக்குள்ளேயே வீடு வேண்டும்.

இக்கோரிக்கைகள் ஆசாத் மைதான மேடையோடு முடிந்துவிடலாகாது. கழிப்பறைச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டவும், கணக்கெடுப்பில் விடுபட்ட மேல்தளக் குடும்பத்தின் விண்ணப்பத்தை எழுதித் தரவும் தெருவுக்கொரு தோழர் முன்வர வேண்டும். தொண்டு நிறுவனங்கள் அமர்ந்த இடம், தொழிற்சங்கங்கள் ஆலைவாயிலோடு நின்றதால் வெற்றாகக் கிடந்த இடம். அதை மீட்கும் பணி லேபர் கேம்ப்பின் சந்துகளிலிருந்தே தொடங்கட்டும்.